கிழக்கோர வீட்டுக்கு வாரிசு

"அங்கேயே நில்லுப்பா. அந்தக் கதவுல கை வைக்காத."

கிழக்கோர வீட்டு வாசலில் நின்றிருந்த ஜோர்டன் திரும்பிப் பார்த்தான். இரண்டு வீடு தள்ளி ஒரு பெண், வைக்கோல் அள்ளும் கவைக்கோலை நீட்டியபடி நின்றிருந்தாள்.

டார்ட்மூர் மேட்டில் மொத்தமே எட்டுக் கருங்கல் வீடுகள். ஆறு வீட்டுக் கூரை உள்ளே சரிந்துகிடந்தது. கொள்ளைநோய்க்குப் பிறகு இரண்டு வருடமாக அங்கே ஆளே இல்லை என்றுதான் கடலோரச் சந்தையில் சொன்னார்கள். அதை நம்பித்தான் தோளில் விதை ஓட்ஸும், கையில் ஒரு சினை ஆடுமாக நான்கு நாள் நடந்து வந்திருந்தான்.

"இது எங்க மாமா வீடும்மா" என்றான். யாராவது கேட்டால் சொல்வதற்காக வழியிலேயே யோசித்து வைத்த பொய்.

"மாமா பேரு?"

"ஜான்." எந்த ஊரிலும் நாலு ஜானாவது இருப்பார்கள்.

அவள் முகம் இறுகியது. "நெட்டையா இருப்பாரே, அவரா?"

"ஆமா, நல்ல நெட்டை."

"அவர் சம்சாரம் பேரு?"

"வந்து... ஆக்னஸ்."

"பிள்ளைங்க?"

"மூணு. இல்ல, நாலு."

"எந்த ஓடையில தண்ணி எடுப்பாங்க?"

ஜோர்டன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஓடை எதுவும் கண்ணில் படவில்லை. கவைக்கோல் மட்டும் இன்னும் அவனைப் பார்த்தே நீண்டிருந்தது. மூட்டையை இறக்கி வைத்தான்.

"போதும்மா. எனக்கு மாமாவும் இல்ல, அத்தையும் இல்ல. எங்க ஊரு கடலோரம். வீட்டுல அஞ்சு பேரை என் கையாலயே புதைச்சேன். பனி விழறதுக்குள்ள ஒரு கூரை, விதைக்கக் கொஞ்சம் நிலம் கிடைச்சா பொழச்சுக்கலாம்னு வந்தேன். பொய் சொன்னது தப்புதான். பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடறேன்."

ஆட்டை இழுத்துக்கொண்டு நாலடி நடந்திருப்பான்.

"எங்க போற? ஆடு நிக்கவே முடியாம நிக்குது. அந்த வீட்டுக் கூரை ஒழுகாது. போய் அடுப்பை மூட்டு."

அவன் நம்ப முடியாமல் திரும்பினான். கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, அவள் கற்சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவாம்மா? ஊர்க்காரங்க நீங்க. உங்களுக்குச் சம்மதம்னா..."

"நான் எங்க ஊர்க்காரி? வந்து ஒன்பது நாள்தான் ஆச்சு. நீ நெஜமாவே இந்த ஊர் ஆளா இருந்துட்டா, நான் மூட்டை கட்டணுமேன்னுதான்ப்பா அத்தனை கேள்வி கேட்டேன்."