பூரணி வாங்கிக்கொண்ட பயம்

எதிர் ஃபிளாட் நேத்ராவுக்குப் பத்து மணிக்கு ஆசியத் துடுப்புப் படகுப் போட்டியின் இறுதிச்சுற்று. காலையிலேயே கிளினிக்கிலிருந்து வந்து அவள் பயத்தை அம்மா பூரணிக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். எல்லா வீராங்கனைகளும் பாதியைத்தான் மாற்றிக்கொள்வார்கள். பூரணியோ, "ஒரு சொட்டு விடாம எடுத்துடுங்க" என்றாளாம். எதிலும் அவளுக்கு முழுசாக வேண்டும்.

வீட்டில் டப்பா நிறையச் சர்க்கரை இருந்தும், சர்க்கரை கேட்கும் சாக்கில் போனேன். பூரணி கதவைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாள். நேத்ரா சோபாவில் கால் நீட்டி நான்காவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேன் ஹாரன் அடிக்குதுடி, கிளம்பு!"

"போகலன்னா என்னம்மா ஆயிடும்?"

"நாலு வருஷம் உயிரக் குடுத்து துடுப்பு போட்டியேடி!"

"போட்டேன். இப்ப அதுக்கென்ன?"

பூரணி என் கையைப் பிடித்தாள். ஐஸாக இருந்தது. "அக்கா, இதை இப்பவே அவளுக்குத் திருப்பிக் குடுக்க முடியாதாக்கா?"

"கிளினிக்காரங்க சாயங்காலம்தானே வருவாங்க?" என்றேன்.

கீழே வேன் புறப்படும் சத்தம் கேட்டது. மகளின் ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டு, வேனை மறிக்க மூன்று மாடியும் அலறியபடி இறங்கி ஓடினாள் பூரணி.

நேத்ரா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்க வீட்ல இன்னிக்கு என்ன சட்னி?"