சிவப்புக் கூட்டல் குறி

கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த சிவப்புக் கூட்டல் குறி போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எழுத்துக்கு ஒதுக்கிய பெட்டிக்குள் அடங்காமல் இன்னும் எழுத்து மிச்சமிருக்கிறது என்று, பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் மென்பொருள் காட்டும் அடையாளம் அது. ஆனால் வேர்டு ஃபைலில் கதை முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது.

லேஅவுட் அக்கா தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். காலி வரிகளை அழித்தாள். நோட்பேடில் ஒட்டி, வெறும் எழுத்தாக்கி, மறுபடி கொண்டுவந்தாள். குறி அசையவில்லை. அச்சகத்துக்காரர் வேறு போன்மேல் போன்.

ஃபைலைக் கொடுத்த பெண்ணையே கூப்பிட்டாள். அவளுடைய அம்மா தன் கதையைத் தானே டைப் செய்து முடித்த கையோடு இறந்துபோனாள்; அம்மாவுக்காக அதைப் புத்தகமாக்குகிறவள் இந்த மகள்.

"கடைசியில ஏதாவது விட்டுப்போச்சாம்மா?"

"இல்லக்கா. வேணும்னா ஒரு பக்கம் காலியா விடுங்களேன். அம்மா பேச்சு லேசுல முடியாது."

அக்கா சிரித்துக்கொண்டே ஒரு காலிப் பக்கத்தை இணைத்தாள். குறி மறைந்தது. அப்பாடா என்று அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

புத்தகக் கட்டுகள் வந்ததும் மகள் முதல் பிரதியைப் புரட்டினாள். காலிப் பக்கத்தின் மேல்முனை மடிந்திருந்தது. அவள் முகம் தெளிந்தது.

"கதை முடிஞ்சாலும், அம்மா பேச்சுப் பாதியிலயே போயிட்டாங்களேன்னு இருந்துச்சுக்கா. அம்மா எந்தப் புத்தகத்தையும் இப்படித்தான் மடிச்சு வெச்சிட்டு எழுந்துபோவாங்க. மிச்சத்துக்குத் திரும்பி வருவாங்க."

"மெஷின்ல மாட்டி மடிஞ்சிருக்கும்மா," என்றபடி அக்கா பிரிக்காத கட்டு ஒன்றின் கயிற்றை அறுத்தாள்.

எல்லாப் பிரதிகளிலும் அதே முனை, நகத்தால் நீவிவிட்டது போல, அழகாக மடிந்திருந்தது.