எதிர்வாசல் வரிசை

எதிர்க் கல்லூரியின் வாசலில் காலை எட்டு மணிக்கே வரிசை தொடங்கிவிட்டது. ஒன்பதரைக்கு அது கேட்டைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் வந்து நின்றது.

இந்தப் பக்கம், தன் கல்லூரியின் சேர்க்கை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார் கணக்குப் பேராசிரியர். நூற்று நாற்பது வரை எண்ணினார். அதற்கு மேல் எண்ண வயிற்றெரிச்சல் விடவில்லை.

அவர் மேஜையில் விண்ணப்பப் படிவங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. கணிதத் துறையில் அறுபது இடம். இதுவரை சேர்ந்தது நான்கு பேர். அதிலும் ஒருவன், ஹாஸ்டலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனவன். பதினைந்து பேராவது சேராவிட்டால் துறையையே எடுத்துவிடுவேன் என்று தாளாளர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினார், பஸ் இலவசம், பை இலவசம் என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார். "கணக்கு படிச்சா என்ன சார் வேலை கிடைக்கும்?" என்று போனில் ஒரு தகப்பனார் கேட்டார். "என்னை மாதிரி வாத்தியார் ஆகலாம்" என்று இவர் சொன்னதும் அந்த மனிதர் போனை வைத்துவிட்டார்.

எதிரில் வேறு யாராவது முதல்வராக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். இருந்தது அவருடைய சகலை, மனைவியின் அக்கா புருஷன்.

"அத்தான் முதல்வர் ஆயிட்டார்", "அத்தான் கார் மாத்திட்டார்" என்று மனைவி வாயால் கல்யாணமான இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருந்தது. மாமனார் வீட்டுக்குப் போனால் சகலைக்கு நாற்காலி; இவருக்கு அந்த நாற்காலியைத் தூக்கிப் போடுகிற வேலை.

நேற்று வரை அங்கேயும் காற்றுதான் வாங்கியது. ஒரே ராத்திரியில் அந்த மனுஷன் என்ன மாயம் செய்தார் என்பதுதான் புரியவில்லை. உள்ளே போய்விட்டு வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கேட்டருகே செல்ஃபி வேறு எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடம் கிடைத்ததற்கே ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தபோது பேராசிரியருக்கும் கண் கலங்கியது, பொறாமையில்.

தாளாளர் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"நல்லாப் பாருங்க," என்றார் தாளாளர். "அவரும் வாத்தியார்தான், நீங்களும் வாத்தியார்தான்."

"சார், அங்க என்னமோ ஆசை காட்டி..."

"ஒண்ணு பண்ணுங்க. உங்க சகலைகிட்ட ஒரு வாரம் டியூஷன் போங்க. பிள்ளைங்களை எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லித் தருவார்."

பக்கத்து மேஜை ஆசிரியர்கள் சிரித்தார்கள். வேறு யாரைச் சொல்லியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். ஒரு விண்ணப்பப் படிவத்தை உருவித் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்திலேயே ராஜினாமாவை எழுதித் தாளாளர் கையில் கொடுத்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"இருபது வருஷமா யோசிச்சாச்சு சார்."

தாளாளர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீராப்பு வாசல்படி வரைக்கும்தான் வந்தது. தெருவில் இறங்கியதும் கணக்குப் போட்டுப் பார்த்தார். மகள் படிப்பு இன்னும் பாக்கி. மனைவியிடம் என்னவென்று சொல்வது? பிள்ளைகள் சேருகிற இடத்தில்தான் வாத்தியாருக்கு வேலை. பிள்ளைகள் சேருகிற இடமாக அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

இனி மானம், ரோஷம் பார்த்தால் ஆகாது என்று தெருவைக் கடந்தார்.

வரிசையை ஒட்டி நடக்கும்போது பார்த்தார். யார் கூடவும் அப்பா, அம்மா இல்லை. அவர் கல்லூரிக்கு வருகிற ஒன்றிரண்டு பேரும் குடும்பத்தோடு வந்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இங்கே கேள்வி கேட்க ஆளே இல்லை. சகலைக்கு அந்த அதிர்ஷ்டமும் அடித்திருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"பிரின்சிபாலைப் பார்க்கணும்."

"டி.சி. வாங்கறதுன்னா வரிசையில வாங்க சார். உங்க பையன் எந்த வருஷம்?"

"டி.சி.யா? இவங்கல்லாம் சேர வந்தவங்க இல்லையா?"

எழுத்தர் இப்போதுதான் நிமிர்ந்தார். "சேரவா? ஆள் சேரலை, காலேஜை மூடறோம்னு நேத்து சாயங்காலமே நோட்டீஸ் ஒட்டியாச்சே. படிச்சுக்கிட்டு இருந்த பிள்ளைங்களும் சர்டிஃபிகேட்டை வாங்கிக்கிட்டுக் கிளம்புது."

பேராசிரியர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சகலை தோற்று அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அப்புறம்தான் தாளாளரின் சட்டைப்பை நினைவுக்கு வந்தது.

"உங்க பிரின்சிபால் இப்ப எங்க இருக்கார்?" என்றார்.

"பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியலைன்னு பின்கேட் வழியா இப்பத்தான் கிளம்பினார் சார். எதிர் காலேஜ்ல அவரோட சகலை இருக்காராம். அவர் காலைப் பிடிச்சாவது ஒரு வேலை வாங்கிட்டுத்தான் வருவேன்னு போயிருக்கார்."