யாரும் தொடாத வண்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு அழுக்கைக் கண்டால்தான் ஆசை பொங்குகிறது.

வெர்லின் காலையிலேயே எழுந்து, வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கலக்கி, பழைய பனியனை முக்கி, கொட்டகையில் கிடந்த பழைய போன்டியாக் காரைக் கூரையிலிருந்து சக்கரம் வரை கழுவி வைத்திருந்தார். ஒருத்தனுக்கு ஒரு பொருளைக் கொடுத்தால் கழுவித்தானே கொடுப்போம்?

வாங்க வந்த பல் டாக்டர் ட்ரெவர், கொட்டகை வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“பெரியவரே, என்ன காரியம் பண்ணிட்டீங்க! தூசி எங்க?”

“தண்ணியோட போயிருச்சு. வாய்க்கால்ல கிடக்கும், அள்ளிக்க.”

முப்பது வருடத் தூசி. அதோடு எலிப் புழுக்கை, வௌவால் எச்சம். அதற்குத்தான் விலையாம். போட்டது போட்டபடி கிடந்த வண்டி, யாரும் தொடாதது என்று படம் காட்டித்தான் கடன் கம்பெனியில் தலையாட்ட வைத்திருக்கிறான். வியாழக்கிழமை கம்பெனி ஆள் நேரில் பார்க்க வருகிறான். வண்டி இப்படிப் பளபளவென்று நின்றால் பேசிய கடன் கிடைக்காது.

வெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன்டியாக் செய்கிற ஃபாக்டரியிலேயே வேலை பார்த்து, வாரக்கூலியில் தவணை கட்டி வாங்கிய வண்டி. அப்போது அது கையில் கரி படிந்த பையன்களின் வண்டி. சின்ன உடம்புக்குள் பெரிய இன்ஜினைத் திணித்து, ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை பறப்பதற்கென்றே செய்தது. பிறகு பெட்ரோல் விலை ஏறியது. இன்ஷூரன்ஸ்காரன் கழுத்தைப் பிடித்தான். ஒரு நாயும் சீந்தவில்லை.

இன்றைக்குப் பல் டாக்டர்கள் பதினைந்து வருடக் கடனில் வாங்கிப் போர்வை போர்த்தி வைக்கிறார்கள். இஷ்டத்துக்கு ஓட்டவும் கூடாதாம். கடன் பத்திரத்திலேயே இருக்கிறதாம்.

கிழட்டு வண்டிக்குப் பதினைந்து வருடக் கடன். போன வசந்தத்தில் வெர்லின் வீட்டுக் கூரை மாற்றக் கடன் கேட்டுப் போனபோது, வங்கிப் பெண் அவர் பிறந்த வருடத்தைப் பார்த்தாள். ஒரு புதினா மிட்டாய் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

விற்காமலும் முடியாது. மனைவி ஓபலை அடக்கம் செய்து ஒரு வருடம் ஆகிறது. தலைமாட்டில் இன்னும் கல் இல்லை. அடக்கம் செய்தவன் குத்திவிட்டுப் போன தகரச் சீட்டுதான் நிற்கிறது. மழையில் அவள் பெயர் பாதி போய்விட்டது.

ட்ரெவர் ஃபோனில் யாரிடமோ பேசினான். எழுந்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“ஓஹையோவுல ஒருத்தன் இருக்கான் பெரியவரே. களிமண் பொடிய ஊதி ஊதிப் பழைய தூசி மாதிரியே படிய வெச்சிருவான். புதன்கிழமை வர்றேங்கிறான்.”

“பொய்த் தூசியா?”

“தூசியில என்ன பொய், நெசம்?”

“அப்படின்னா என் கட்டிலுக்கு அடியிலயும் கொஞ்சம் இருக்கு. தனியா ஒரு விலை போடு.”

ட்ரெவர் சிரிக்கவில்லை. ஃபோனை நீட்டினான். போன வாரம் எடுத்த படம். முன்கண்ணாடி முழுக்கத் தூசி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால் மட்டும், ஒரு சாஸர் அளவுக்கு, துடைத்த வட்டம்.

“இதைப் பார்த்துதான் கம்பெனி ஆளு சொக்கிப் போயிட்டான். யாரோ எப்பவோ உள்ள எட்டிப் பார்த்திருக்காங்க, பாருங்க. இது அப்படியே வரணும். தூசி போட்டு முடிச்சதும் நீங்க இதே இடத்துல உங்க கையால ஒரு தடவை துடைச்சிருங்க.”

வெர்லின் ஃபோனை வாங்கி அந்த வட்டத்தையே பார்த்தார்.

“என் கை பெருசு.”

“யாரு வந்து அளந்து பார்க்கப் போறா? கல்லுக்குப் பணம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? மேல கொஞ்சம் போட்டே தர்றேன். ஒரு தடவை துடைக்கிறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகுது?”

உள்ளே எட்டிப் பார்க்க ஒருத்தரும் துடைக்கவில்லை.

கடைசி இரண்டு வருடம் ஓபலுக்கு வீடு மறந்துவிட்டது. சாயங்காலமானால் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையும் கையுமாகக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். கென்டக்கியில் அம்மா காத்துக்கொண்டிருப்பாளாம். முன்கண்ணாடியில் தன் பக்கத்தை மட்டும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு ஏறி உட்காருவாள்.

ரோடு தெரிய வேண்டுமே.

ஓடாத வண்டியில் வெர்லின் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். உட்கார்ந்த இடத்திலேயே டொலிடோ ஊரைத் தாண்டுவார்கள். சின்சினாட்டியில் காப்பிக்கு நிறுத்துவார்கள். “மெதுவா போங்களேன், யாரு துரத்துறா?” என்று ஒவ்வொரு நாளும் அதட்டுவாள். ஆற்றுப் பாலம் வருவதற்குள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள்.

வெர்லின் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். வாளியில் மிச்சமிருந்த அழுக்குத் தண்ணீரை அவனுடைய ஷூவுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.

பின்னால் அவன் நியாயம் பேசிக்கொண்டே வந்தான். ஒரு சொல்லும் அவருக்கு ஏறவில்லை.