பருந்து வருது!

"பருந்து! பருந்து வருது!"

பெரியவர் போட்ட கூச்சலில் கிடங்கு மேலாளர் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பருந்தாவது பல்லியாவது, வானத்தில் ஒரு கொசு கூட இல்லை.

தகரக் கூரைக்கு மேலே ட்ரோன் அந்தரத்தில் நின்றது. சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து, கையிலிருந்த திரையைப் பார்த்தபடி அதை ஓட்டிக்கொண்டிருந்த அவர் மகளும் நின்றாள்.

"சரிப்பா, நிறுத்திட்டேன்."

காலையிலிருந்து இது நாலாவது பருந்து.

மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூரை எங்கே ஒழுகுகிறது என்று படம் பிடிக்க வந்தவள் மகள். அவள் திரையைப் பார்ப்பாளாம். பறவை வந்தால் சொல்ல, அப்பா வானத்தைப் பார்ப்பாராம். அதற்கொரு ஆள்! அதுவும் மடக்கு நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு!

வாயும் சும்மா இல்லை. சுமைதூக்கிகளைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் வேறு.

"அந்தக் காலத்துல ஆளில்லாத விமானத்தைப் பறக்க விட்டதே பட்டாளத்துக்காரங்க சுட்டுப் பழகத்தான்! இப்ப பாருங்க, வயல்ல மருந்து தெளிக்குது, கல்யாணத்துல படம் எடுக்குது, உங்க கூரையில ஓட்டை தேடுது!"

மகள் பேட்டரி மாற்ற வந்தபோது மேலாளர் அவளை ஓரமாக அழைத்தார்.

"அடுத்த வாரம் மத்த கிடங்குகளுக்கும் நீங்களே வாங்கம்மா. ஆனா அனுமதிச் சீட்டு ஒண்ணுதான். வேலை இல்லாதவங்களை உள்ளே விடக் கூடாது."

அவள் முகம் விழுந்துவிட்டது.

"நீங்க சொல்றது நியாயம்தான் சார். எதிர்ல எது வந்தாலும் இந்த மெஷின் தானா ஒதுங்கிக்கும். அப்பா பார்க்கவே வேண்டாம்."

"பின்னே?"

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்டுல யாரையும் நிம்மதியா இருக்க விடலை. யார் ஃபேனை நிறுத்தாம போனாங்கன்னு நோட்டு போட்டு எழுதறார்! அம்மா அழுதே விட்டாங்க. நீங்க இல்லாம என்னால முடியாதுன்னு புளுகித்தான் கூட்டிட்டு வந்தேன். இப்ப வேண்டாம்னா ஒடிஞ்சு போயிடுவார் சார்."

மேலாளருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதி விதிதானே? நாமே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று பெரியவரிடம் போனார். மகள் மறுபடி ட்ரோனைக் கிளப்பினாள்.

"ஐயா, பறவை வந்தா அந்த மெஷின் தானாவே ஒதுங்கிடுமாமே?"

"தெரியுமே! அதோட கையேட்டை மூணு தடவை படிச்சாச்சு."

"அப்புறம் எதுக்கு இல்லாத பருந்துக்கெல்லாம் இந்தக் கூச்சல்?"

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. திரையைப் பார்த்துக்கிட்டே பின்னால பின்னால நடப்பா. வேலைக்கு வந்த முதல் மாசமே சாக்கடையில விழுந்து, வீட்டுல மறைச்சு நொண்டிக்கிட்டுத் திரிஞ்சா. பார்த்து நடம்மான்னா ரோஷம் பொத்துக்கிட்டு வரும், என்னை வீட்டுலயே விட்டுட்டு வந்துடுவா. மெஷினுக்கு ஆபத்துன்னா மட்டும் சட்டுனு நிப்பா... பருந்து! பருந்து!"

இந்தத் தடவை மேலாளர் அண்ணாந்து பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் சட்டென்று நின்றிருந்தாள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண். அதோடு மேடை முடிந்து, கீழே ஆள் உயரப் பள்ளம்.

மேலாளர் நேரே உள்ளே போய் இரண்டு சீட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"ரொம்ப நன்றி சார்!" மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணுக்கும் உதவாட்டாலும் எங்கப்பா மேல இரக்கப்பட்டீங்களே!"

அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற பெரியவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"பரவாயில்லம்மா," என்றார் மேலாளர். "வயசானவங்களை நாமதானே பத்திரமா பார்த்துக்கணும்!"