கூடையில் அமர்ந்த தலைவி

கொல்லைப்புறப் பஞ்சாயத்துத் தேர்தலில் செவலைக் கோழிதான் தலைவியாக ஜெயித்தாள். ஆனால் தலைவருக்கென்று கவிழ்த்து வைத்த கூடையில் கூட்டத்துக்குக் கூட்டம் ஏறி உட்கார்ந்தது அவள் புருஷன் சேவல். அவள் கீழே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது.

"என் குப்பைமேட்டு உச்சியிலதான்" என்றான் சேவல்.

செவலை திரும்பிப் பார்த்தாள். தாகத்தில் வாய் பிளந்து நிற்கிற குஞ்சுகள் அவ்வளவு உயரம் எப்படி ஏறும்?

முடிவை ஊருக்குக் கூவிச் சொல்லச் சேவல் மதில்மேல் ஏறினான். அவள் சட்டென்று கூடையில் ஏறி அமர்ந்துவிட்டாள்.

"என்னடி இது? எந்திரி, நாலு பேர் பார்க்கிறாங்க!"

"பார்க்கட்டும். தொட்டி வேப்பமரத்தடியில, தரையில இருக்கும்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணின?"

"எனக்கு ஓட்டுப் போட்டவங்களைக் கேட்டு."

மெம்பர் வாத்தக்கா சிரித்தாள். "தம்பி, அடைக்கோழிய எழுப்பிப் பார்த்திருக்கியா?"

சேவல் மதிலிலிருந்து குதித்துக் கிட்டே போனான். செவலை உடம்பை உப்பிச் சிறகை விரித்தாள்.

"தொட்டா கொத்திருவேன் மாமா. சோறு தண்ணி மறந்து முட்டைமேல கிடந்தவ நான். அஞ்சு வருஷம் என்ன பெரிசு?"

சாயங்காலம் வேப்பமரத்தடியில் குஞ்சுகள் முண்டியடித்துத் தண்ணீர் குடித்தன. அவற்றுக்குப் பின்னால் சேவலும் வந்து நின்றான்.