பெயர் எழுதாத பொம்மை

அமெரிக்காவின் வடகோடியில், டுலூத்தில் மாலை நான்கு மணிக்கே வெளிச்சம் மங்கிவிடுகிறது. ஏரிக்காற்று சமையலறை ஜன்னலை உலுக்குகிறது. தட்டில் இஞ்சி பிஸ்கட் பொம்மைகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. இந்த வீட்டில் பரிசுப் பொட்டலங்களில் சீட்டு ஒட்டுவதில்லை. ஆளுக்கொரு பொம்மையில் வெள்ளை ஐசிங்கால் பெயரெழுதிக் கட்டுவார்கள். ஆர்னேயை மணந்தபின் லெனோருக்கு இது முதல் கிறிஸ்துமஸ். எல்லாப் பெயர்களையும் எழுதியாகிவிட்டது, அவள் பெயரைத் தவிர. ஒரு பொம்மை மட்டும் வெறுமையாக இருக்கிறது. தனக்குத்தான் என்று எடுத்து முதல் எழுத்தை எழுதுகிறாள். ஆர்னேயின் மகள் சிக்ரிட் நிமிர்ந்து பார்க்கிறாள். "அது அம்மாவோடது. அவங்க தவறிப் போனதுலேருந்து பேரில்லாம கிறிஸ்துமஸ் மரத்துல மாட்டுவோம்." லெனோரின் கை அப்படியே நிற்கிறது. "ஐயோ, தெரியாதும்மா. சுரண்டிடட்டுமா?" "சுரண்டினா தடம் தெரியும்." ஆர்னே செய்தித்தாளுக்குப் பின்னால் இருமுகிறார். "அப்பா, நீங்க சும்மா இருமாதீங்க. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" சிக்ரிட் மிச்ச மாவைத் திரட்டித் தேய்க்கிறாள். ஒரு பொம்மைக்குத்தான் தேறுகிறது. அச்சை அழுத்தி எடுத்து, அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். "நீங்க ஆரம்பிச்சதுல உங்க பேரை முழுசா எழுதிடுங்க. இது அம்மாவுக்கு. அவங்களுக்கு எப்பவுமே சூடா இருந்தாத்தான் பிடிக்கும்." லெனோர் இரண்டாவது எழுத்தைத் தொடங்குகிறாள். கோடு சற்றுக் கோணலாகப் போகிறது.